மூட்டுவலி நாய்க்கு மெலாக்சிகாமா, கேபாபென்டினா?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் கிழட்டு நாய்கள் எழுந்திருக்கவே முனகும். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மெலாக்சிகாம், நரம்பு வழி வலியைத் தணிக்கும் கேபாபென்டின், இரண்டில் எதைக் கொடுப்பது?

வயிறு: மெலாக்சிகாம் வாந்தி, பேதி தரலாம், சோறு வைத்த பிறகே கொடுங்கள். மலம் தார் மாதிரி கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது. மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். ஸ்டீராய்டோடு சேர்க்கவே கூடாது. கேபாபென்டினில் இந்தத் தொல்லை குறைவு.

நடை: கேபாபென்டின் தூக்கமும் தள்ளாட்டமும் தரும். மெலாக்சிகாமில் அது அபூர்வம்.

வேளை: மெலாக்சிகாம் தினம் ஒரு வேளை. கேபாபென்டின் இரண்டு, மூன்று வேளை. அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மனிதருக்கான கேபாபென்டின் சிரப் வேண்டாம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால் நாய்க்கு விஷம்.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், ஈரல் சரி என்றால் என் ஓட்டு மெலாக்சிகாமுக்கே. வீக்கத்தைக் குறைப்பது அதுதான். சிறுநீரகம் பழுதென்றால் கேபாபென்டின், அதுவும் டாக்டர் அளவைக் குறைத்துத் தந்தால்.