கப்பிக்குத் துணை மோலியா, நியான் டெட்ராவா?

சென்னை வியாசர்பாடி வீட்டில் இரண்டடி மீன் டேங்க். கப்பி நன்றாகத் தேறிவிட்டது, கூட விட வேறு மீன் வாங்கலாம் என்று வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனேன். டைகர் பார்ப் கப்பியின் வாலைக் கடித்துக் குதறும், ஏஞ்சல் வளர்ந்தால் வாய்க்கு அடங்குகிற எதையும் விழுங்கும், இரண்டும் வேண்டாம். மிஞ்சியவை மோலியும் நியான் டெட்ராவும்தான். இரண்டுமே சாது.

அழகு என்றால் நியான்தான், அந்த நீலக் கோட்டுக்கு ஈடே இல்லை. ஆசைப்பட்டு ஆறு வாங்கினேன். மூன்று வாரத்தில் நான்கு செத்துப்போயின, மனசு கேட்கவில்லை. ஒரு மீனும் துரத்தவில்லை, கடிக்கவில்லை. பார்த்தால் பிரச்சினை தண்ணீரில்! எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாக உப்பு படிகிற ரகம், கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,100 காட்டியது. நியானோ அமேசான் பக்கத்து மென்னீர் மீன், அதாவது உப்பு குறைந்த தண்ணீரில் வாழ்வது. பண்ணையில் வளர்ந்தது ஓரளவு கடின நீரைத் தாங்கும் என்றாலும் இந்த அளவுக்குத் தாங்காது. சரி, ஆர்.ஓ. தண்ணீர் கலந்து பார்ப்போம் என்று இரண்டு மாதம் கேன் சுமந்தேன். ஆனால் கப்பிக்குப் பிடித்தது கடின நீர், நியானுக்காகத் தண்ணீரை மென்மையாக்க ஆக்க அதற்கு ஒத்துவராது. போதாக்குறைக்கு மே மாதம் டேங்கில் 31 டிகிரி, நியானுக்கு 26 தாண்டினாலே சிரமம்.

மோலிக்கு இந்தத் தண்ணீர் அப்படியே பொருந்துகிறது, கழிமுகத்து உப்புத் தண்ணீரிலேயே வாழக்கூடிய மீன் அது. கண்ணாடியில் படிகிற பாசியையும் மேய்ந்துவிடும், வெயிலையும் தாங்கும். தொல்லை ஒன்றுதான், குட்டி. மாதம் ஒரு தடவை போடும், இரண்டடி டேங்க் சீக்கிரம் நிரம்பிவிடும். பெண்ணை மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது, கடையிலேயே சினையாகியிருக்கும், ஒரு தடவை இணைந்தாலே பல மாதம் குட்டி போடும். அதனால் ஆண் மட்டும் வாங்குங்கள், அடிவயிற்றுத் துடுப்பு விசிறிபோல் விரியாமல் குச்சிபோல் கூர்மையாக இருக்கும். என்னிடம் மூன்று ஆண் இருக்கின்றன, அவ்வப்போது ஒன்றையொன்று துரத்தும், காயம் பட்டதில்லை. பெரிய கூட்டமாக வைத்தால் எப்படியோ, நான் வைத்துப் பார்த்ததில்லை.

குடிநீர் வாரியம் விடுகிற மெட்ரோ தண்ணீர் மட்டுமே பிடிக்கிற வீட்டில் கணக்கு வேறாக இருக்கலாம், அதில் நான் நியான் வளர்த்ததில்லை. அப்படி முயல்கிறவர்கள் கப்பியோடு விடாமல் தனி டேங்கில் விடுங்கள், தண்ணீரில் இருக்கிற குளோரினை நீக்க ஆன்டி குளோரின் ஊற்ற மறக்காதீர்கள்.