டோக்கியோவில் ஏறி மறுநாள் இறங்கும் டிக்கெட்: உலகப் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிற நெல்லைக்காரர்கள் கவனத்துக்கு

நானும் என் வீட்டுக்காரியும் ஏழு மாத உலகப் பயணத்துக்காக வண்ணார்பேட்டையில் ஒரு டிராவல்ஸில் 7,14,000 ரூபாய் கட்டினோம். பதிலுக்குக் கிடைத்தது பதினோரு ஏ4 தாளும், அட்டையில் உலக உருண்டை படம் போட்ட ஒரு ஃபைலும். இதுவரை திரும்பி வந்தது 2,90,000. மிச்சம் 4,24,000 வழக்கில் நிற்கிறது. கடை பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், வழக்கு நடக்கும்போது சொல்ல மாட்டேன். எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் 33 வருடம் வாத்தியார் வேலை. புவியியல்தான் எனக்குப் பிடித்த பாடம். ஆப்பிரிக்கா பக்கம் நசுங்கிப்போன ஓர் உருண்டையைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி பசிபிக்கையும் ஆண்டிஸையும் காட்டியவன், அதுவரை போயிருந்த தூரதேசம் திருவனந்தபுரம். 2023 மே கடைசியில் ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரி தபால் ஆபீஸில் இருந்து எனக்கு முந்தியே ஓய்வு. பணம் கைக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் கே.டி.சி. நகரில் பிளாட், பெருமாள்புரத்தில் வீடு என்று யோசனை சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவள்தான், "மண்ணும் கல்லுமா வாங்கிப் போட்டது போதும். கால் நல்லா இருக்கும்போதே ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவோம்" என்றாள்.

2024 பொங்கல் கழிந்து அந்த டிராவல்ஸ் வாசலில் ஏறினேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் உள்ளே இருந்தவன் எழுந்து ஓடிவந்து காலைத் தொட்டான். "சார், நான் உங்க பத்தாம் வகுப்பு பி செக்‌ஷன் சார்." முகம் ஞாபகம் வந்தது, கடைசி பெஞ்ச். பழைய மாணவன் ஒருத்தன் சொந்தமாகத் தொழில் நடத்துகிறான் என்றால் வாத்தியாருக்கு நெஞ்சு விரியத்தானே செய்யும்? அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக நாலு கடிகாரம்: லண்டன், துபாய், நியூயார்க், டோக்கியோ. டோக்கியோ மட்டும் ஓடவில்லை. பேட்டரி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் சொன்ன திட்டம் அழகாகவே இருந்தது. சென்னையில் ஏறி சிங்கப்பூர், டோக்கியோ, சான்ஃபிரான்சிஸ்கோ, மெக்சிகோ சிட்டி, லிமா, மாட்ரிட், இஸ்தான்புல், அடிஸ் அபாபா, திரும்ப சென்னை. "ஒரே டிக்கெட் சார், ரவுண்ட் தி வேர்ல்டு. ஆசிரியர் தினத்தன்னைக்கே கிளப்பி விடுதேன்." செப்டம்பர் 5 என்று தேதி குறித்தான். எங்கே தடவினால் நான் இளகுவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படி ஒரு டிக்கெட் நிஜமாகவே உண்டு. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு மாதிரி விமானக் கம்பெனிகளின் கூட்டணிகள் விற்கின்றன. ஏர் இந்தியா 2014-லிருந்து ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. கிழக்கே கிளம்பினால் கிழக்கேயே போக வேண்டும். பசிபிக்கை ஒரு தடவை, அட்லாண்டிக்கை ஒரு தடவை தாண்ட வேண்டும். கிளம்பிய நாட்டிலேயே வந்து முடிக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள். ஆக, அவன் காட்டிய பொருள் பொய்யில்லை. அந்தப் பொருளை அவன் வாங்கவே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

பணம் போன விதம்: பிப்ரவரியில் 3,00,000 பேங்க் மூலம், அதுவும் அவன் சொந்த சேமிப்புக் கணக்குக்கு. "கம்பெனி கணக்குல லிமிட் முடிஞ்சு போச்சு சார்." மார்ச்சில் 2,00,000 செக். பிறகு ஜிபேயில் 50,000. கடைசியாக 1,64,000 ரொக்கம். அதற்கு ரசீது கேட்டபோது விசிட்டிங் கார்டைத் திருப்பி, பின்பக்கம் பச்சைப் பேனாவால் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி ஒரு சுழி சுழித்துக் கொடுத்தான். பச்சை மை அதிகாரிகளின் மை என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. அந்தக் கார்டை நானும் பத்திரமாகப் பீரோவில் வைத்தேன். கோட்டி பிடித்தவன்கூட அப்படிச் செய்ய மாட்டான்.

இந்த 7,14,000-ல் டிக்கெட்டுக்கு 5,40,000, விசாக்களுக்கு 1,40,000, மீதி 34,000 டிசிஎஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அரசாங்கம் முன்கூட்டிப் பிடிக்கச் சொல்லும் வரி அது. அப்போதைய விதிப்படி 7 லட்சம் வரை 5 சதவீதம். அவன் கணக்கு அதுவரைக்கும் சரி. ஆனால் அந்தத் தொகை நம் பான் எண்ணில் ஏற வேண்டும், வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். மார்ச்சில் பிடித்த தொகை என் 26ஏஎஸ்ஸில் இன்றுவரை இல்லை. அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி 34,000.

விசா கதை இதைவிடப் பெரிது. "ஒரே ஷாட்ல எல்லா நாட்டு விசாவும் வாங்கிருவேன் சார்" என்றான். நம்ம பாஸ்போர்ட்டுக்கு அது நடக்காத காரியம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னால்தான் விண்ணப்பத்தை வாங்கவே செய்வார்கள். நாங்கள் மாட்ரிட் போவதாக இருந்தது 2025 ஜனவரியில். இவன் 2024 ஏப்ரலிலேயே, "ஷெங்கன் பிராசஸ்ல இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஜப்பானின் சாதாரண சுற்றுலா விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குத்தான் செல்லும், அக்டோபர் பயணத்துக்கு ஏப்ரலில் வாங்கினால் குப்பைக்குப் போகும். மெக்சிகோ விசா என்று இரண்டு பேருக்கும் சேர்த்து 18,000 வாங்கியிருந்தான். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்கு நமக்குத் தனி விசாவே வேண்டாம். அமெரிக்க விசாவுக்கு ஆளுக்கு 45,000. நிஜக் கட்டணம் 185 டாலர், அன்றைய கணக்குக்குச் சுமார் 15,500 ரூபாய்.

அந்த அமெரிக்க விண்ணப்பத்தை மட்டும் உண்மையிலேயே போட்டிருந்தான். அதை நினைத்தால்தான் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியன் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஜவுளிக்கடை பங்குதாரர்' என்று இருந்தது. இமெயில் அவனுடையது, போன் நம்பர் அவனுடையது. "பென்ஷன்காரங்கன்னா ரிஜெக்ட் பண்ணிருவான் சார், அதான் கொஞ்சம் வெயிட்டா போட்டேன்." படிவத்தில் பொய் இருந்தால் எழுதியவனை யாரும் கேட்க மாட்டார்கள். நம் பெயரில்தான் முடியும், வாழ்நாள் தடை வரைக்கும் போகும். நான் ஜவுளிக்கடையில் துணி எடுத்ததோடு சரி.

இதையெல்லாம் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. 'பையன் ஆர்வக்கோளாறில் செய்கிறான்' என்று வீட்டில் அவனுக்காகப் பேசினேன். வீட்டுக்காரிதான், "டிக்கெட் நம்பர் எங்க?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். தபால் ஆபீஸில் பதிவுத் தபாலுக்கு நம்பர் போட்டே பழகிய கை. "கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஏர்லைன்ஸே அனுப்பிரும்" என்று அவன் சொன்னதை நான் அவளுக்கு ஒப்பித்தேன்.

ஜூன் கடைசி, ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம். கரண்ட் போன ஒரு மத்தியானம், திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பதினோரு தாளையும் விசிறியாகப் பாதி, வாசிக்கப் பாதி என்று புரட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது தாளில் கண் நின்றது. 'டோக்கியோ புறப்பாடு 8 அக்டோபர் 17:00. சான்ஃபிரான்சிஸ்கோ வருகை 9 அக்டோபர் 10:30.'

தாளைக் கீழே வைத்துவிட்டேன். டோக்கியோவில் மாலை 5 மணி என்றால் அந்த அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் அதே நாள் விடியக்காலம் 1 மணி. ஒன்பதரை மணி நேரம் பறந்தால் காலை 10:30. அதாவது 8-ஆம் தேதி சாயங்காலம் ஏறினவன் 8-ஆம் தேதி காலையிலேயே இறங்குவான். பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கிழக்கே தாண்டினால் ஒரு நாள் நமக்குத் திரும்பக் கிடைக்கும். மணி சரியாக இருந்தது, தேதிதான் தப்பு. எந்த விமானக் கம்பெனி கம்ப்யூட்டரும் இந்தத் தப்பைச் செய்யாது. யாரோ எங்கேயோ இருந்து நேரத்தைப் பார்த்து எழுதி, 'சாயங்காலம் ஏறினா மறுநாள் காலைலதான இறங்கணும்' என்று கையால் தேதியைத் தட்டியிருக்கிறார்கள். திருநெல்வேலியில் ஏறி எழும்பூரில் இறங்குகிற நெல்லை எக்ஸ்பிரஸ் கணக்கு.

போன் போட்டேன். "அது டைம் ஜோன் சார். சிஸ்டம் அப்படித்தான் காட்டும்."

"ஏல, அந்த டைம் ஜோனை உனக்கு நடத்தினதே நான்தாம்ல" என்றேன். மறுமுனையில் சத்தமில்லை. (அன்றைக்கு அவன் வகுப்பில் தூங்கினானா, நான் சரியாக நடத்தவில்லையா என்று இப்போதும் சில ராத்திரி யோசிப்பேன்.)

மறுநாள் தாளில் இருந்த ஆறு எழுத்து பிஎன்ஆரை விமானக் கம்பெனியின் தளத்தில் போட்டால், அப்படி ஒரு பதிவே இல்லை. கஸ்டமர் கேரில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள்: பிப்ரவரியில் உங்கள் பெயரில் சென்னை–சிங்கப்பூர் மட்டும் பிடித்து வைத்திருந்தார்கள், பணம் கட்டவில்லை, தானாகக் கேன்சல் ஆகிவிட்டது. மற்ற ஊர்கள் எதுவும் அங்கே இருந்ததே இல்லை. பிஎன்ஆர் என்பது பந்தியில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. இலை விழுந்ததா என்பதை டிக்கெட் நம்பர்தான் சொல்லும். அது 13 இலக்கம், முதல் மூன்றும் விமானக் கம்பெனியின் குறியீடு: ஏர் இந்தியா என்றால் 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618. பணம் கட்டி டிக்கெட் போட்ட கையோடு அது வந்துவிடும். 'ஒரு வாரம் முன்னால வரும்' என்று எவன் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் இரண்டும் அவனிடம் இருந்தது. "எம்பசில இருக்கு சார்" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரி என்னை வெளியே ஸ்கூட்டரில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை. "பாஸ்போர்ட்டு எனக்கும் சொந்தமில்ல, ஒனக்கும் சொந்தமில்லப்பா. அது கவர்மென்ட் சொத்து. இப்பவே தா, இல்லன்னா நேரே ஸ்டேஷனுக்குப் போறேன்" என்று கேட்டிருக்கிறாள். மேஜையின் இரண்டாவது டிராயரில் இருந்து எடுத்தான். எம்பசி அங்கேதான் இருந்திருக்கிறது.

போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி, அவனைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு 2,00,000 வந்தது. அப்புறம் பத்தாயிரம் பத்தாயிரமாக ஒன்பது தடவை. அதோடு நின்றது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். அங்கே நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாதவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தால் சொல்வார்கள். ஆன்லைனில் பணம் போய் இன்னும் சூடு ஆறவில்லை என்றால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930. நான் நாலு மாதம் கழித்து அடித்தேன், அதற்குள் கணக்கில் இருந்தது எப்போதோ போயிருந்தது. பேங்க் வழியாகவும் ஜிபேயிலும் செக்கிலும் கொடுத்ததற்குக் காகிதம் பேசுகிறது. பச்சை மை கார்டுக்கு அவன் சொன்ன பதில், "அது என் கையெழுத்தே இல்ல."

கொஞ்சம் உபயோகமான விஷயமும் சொல்லிவிடுகிறேன். லிமா, அடிஸ் அபாபா பக்கம் போய் வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். இதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுப்புகிற எண்ணம் இருந்தால்தானே ஊசி ஞாபகம் வரும்! நீண்ட பயணம் போகிறவர்கள் புது பாஸ்போர்ட் எடுக்கும்போது 36 பக்கத்துக்குப் பதிலாக 60 பக்கம் கேளுங்கள், 500 ரூபாய்தான் கூடுதல்.

நாங்கள் பயணத்தை விடவில்லை. பழைய அமெரிக்க விண்ணப்பத்தில் என்ன நடந்தது என்று எழுதி அனுப்பிவிட்டு, புதிதாக எங்கள் இமெயிலில், எங்கள் நம்பரில், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றே போட்டிருக்கிறோம். நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கிறோம். கிடைக்கவில்லை என்றால் டோக்கியோவோடு திரும்புவோம்.

வண்ணார்பேட்டை பக்கம் யாராவது இந்த மாதிரி பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், பணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் போய் அந்த இரண்டாவது டிராயரைத் திறக்கச் சொல்லுங்கள்.