காரைக்குடிப் பட்டறையின் திருகுப் படகுப் பெட்டி: வாங்கலாமா?

காரைக்குடி பழம்பொருள் கடைத்தெருவில் ஓரிரு கடைகளில் இப்போது ஒரு மரப்பெட்டி விற்பனைக்கு இருக்கிறது. நீராவிக் கப்பலுக்குச் சக்கரத் துடுப்பு போய்த் திருகு (தண்ணீருக்குள் சுழன்று கப்பலைத் தள்ளும் புரொப்பெல்லர்) வந்த காலத்து வடிவங்களைத் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதற்கான தொகுப்பு அது. பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறு பட்டறை செய்து கொடுக்கிறது. விலை 6,800 ரூபாய், பேட்டரி தனி. ஷோகேஸில் வைக்க வாங்குவதாக இருந்தால் இந்த விலைக்கு இதைவிடப் பளபளப்பான பொருள் அதே தெருவில் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கோ, பொறியியல் படிக்கிற பிள்ளைக்கோ என்றால் வாங்கலாம். ஆனால் ஒரு உருப்படியைக் கடையிலேயே சோதித்துத்தான் வாங்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறோம்.

பெட்டிக்குள் 75 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலத்தில் ஒரு படகு. இடித்த வீடுகளில் கழித்த பர்மா தேக்குச் சட்டங்களை அறுத்து இழைத்திருக்கிறார்கள். அந்தத் தேக்கே கப்பலேறி வந்ததுதான் என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 4 மி.மீ. எவர்சில்வர் தண்டு, பித்தளைக் குழாய், 12 வோல்ட் மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். பல்சக்கரம் வழியாகத் தண்டு அதிகபட்சம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும். திருகுகள் தனியாக ஒரு பனையோலைக் கொட்டானில் துணி சுற்றி வருகின்றன. இரண்டு சுற்று மரத்திருகு, ஒரு சுற்றுப் பித்தளைத் திருகு, அரைச் சுற்று இரட்டை மரைத் திருகு, எரிக்சனின் இரட்டை வளையம் என்று நான்கு வகை. மூன்று ஒற்றைத் திருகுகளுக்கும் விட்டம் 60 மி.மீ., மரை ஏற்றமும் (ஒரு முழுச் சுற்றில் மரை முன்னேறும் தூரம்) 60 மி.மீ.

முதலில் மரத்திருகு. பெட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் லண்டனை அடுத்த ஹெண்டனில் பண்ணை வைத்திருந்தவர். 1836 மே 31-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய 6 டன் சோதனைப் படகில் பூட்டியது இரண்டு முழுச் சுற்றுள்ள மரத்திருகு. மரையாணி கட்டையில் ஏறுவதுபோலத் திருகு தண்ணீரைத் துளைத்துக்கொண்டு போகும், சுற்று கூடினால் பிடிமானமும் கூடும் என்பது அன்றைய எண்ணம். 1837-ல் பாடிங்டன் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தபோது திருகு எதிலோ இடித்துப் பாதி ஒடிந்துபோனது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாகப் போனது. அதன்பிறகு அவர் ஒரு சுற்றுத் திருகுக்கு மாறினார்.

இந்தப் பட்டறைக்காரர் மரத்திருகின் நடுவில் வாள் கீறல் போட்டு, ஒடிப்பதற்கென்றே மூன்று உபரியும் வைத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனம்! முழுத் திருகோடு ஒருமுறை ஓட்டி, மோட்டார் கம்பியில் அம்மீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீறலில் ஒடித்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டினால் மின்னோட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். முதல் சுற்று ஏற்கெனவே தள்ளிவிட்ட தண்ணீரில்தான் இரண்டாவது சுற்று வேலை செய்கிறது. அதனால் அது சேர்க்கும் தள்ளுவிசை குறைவு. உரசும் பரப்போ இரண்டு மடங்கு. மோட்டாரின் சக்தி அந்த உரசலில் போகிறது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 60 மி.மீ. ஏற்றம், 1,200 சுற்று என்றால் நிமிடத்துக்கு 72 மீட்டர், நொடிக்கு 1.2 மீட்டர். 6 மீட்டர் தொட்டியை 5 நொடியில் கடக்க வேண்டும். கடக்காது. இந்தக் கணக்குக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் நழுவல் என்கிறோம். ஒவ்வொரு திருகுக்கும் அதைத் தனித்தனியாக எடுக்க முடிவதுதான் இந்தப் பெட்டியில் நமக்குப் பிடித்தது.

மரத்திருகில் ஒரு தொந்தரவு உண்டு. நனைந்தால் கட்டை ஊதி, துளை தண்டைக் கவ்விக்கொள்ளும், கழற்றவே வராது. முதல் நாளே ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துக் காயவிடுங்கள். படகின் அடியில் திருகுக்கு விட்டிருக்கும் இடைவெளி 130 மி.மீ. நீளம், அதாவது இரண்டு சுற்றுக்கான அளவு. ஒரு சுற்றுத் திருகைப் பூட்டும்போது மீதி இடத்துக்கு உள்ள பித்தளை இடைக்குழாயை மறக்காமல் போட வேண்டும். போடாவிட்டால் திருகு தண்டில் முன்னே நகர்ந்து கட்டையில் உரசும்.

பித்தளைத் திருகுகளின் வார்ப்பு சுமார். இறகின் கனம் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கிறது. முழு வேகத்தில் படகு நடுங்குவதற்குக் காரணம் அதுதான். திருகைத் தண்டில் மாட்டி, இரண்டு பிளேடு விளிம்புகளின் மேல் உருளவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக அரம் போடுங்கள். மரை சரியா என்று பார்ப்பது இன்னும் எளிது. தண்டைக் கால் சுற்று திருப்பினால், விளிம்பு தண்டின் வாக்கில் 15 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். நான்கு இடத்தில் அளந்து ஒரு மி.மீ.க்குமேல் வித்தியாசம் வந்தால் மாற்றித் தரச் சொல்லலாம்.

அரைச் சுற்று இரட்டை மரைத் திருகு 'ஆர்க்கிமிடீஸ்' கப்பலில் பின்னாளில் பூட்டிய வகை. 1838-ல் நீரில் இறங்கிய, 237 டன் கப்பல் அது. அதைக் கொண்டு சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆங்கிலப் பொறியாளர் புருனெல் தமது 'கிரேட் பிரிட்டன்' கப்பலைத் துடுப்புச் சக்கரத்திலிருந்து திருகுக்கு மாற்றினார். பெட்டியில் உள்ள நான்கில் ஓட்டத்துக்கு இதுவே சிறந்தது. தகட்டை, தண்டில் மாட்டும் நடுக்குடத்தோடு வெள்ளிப்பற்று வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். சில பெட்டிகளில் ஈயப்பற்று வருகிறது, அது நிற்காது. இணைப்பு வெண்மையாக, மழமழவென்று திரண்டிருந்து நகத்தால் கீறினால் தடம் விழுந்தால் ஈயம்.

இனி எரிக்சன் வளையம். சுவீடனில் பிறந்த ஜான் எரிக்சன், ஸ்மித்துக்குச் சில வாரம் கழித்து அதே 1836-ல் காப்புரிமை வாங்கினார். ஒரே அச்சில் இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றின் வெளிச்சுற்றிலும் சாய்ந்த தகடுகள், எதிரெதிராகச் சுழலும். முன்வளையம் தண்ணீருக்குக் கொடுத்த சுழற்சியைப் பின்வளையம் மீட்டுத் தள்ளுவிசையாக்கும். ஒற்றைத் திருகில் படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் குணமும் இதில் அடங்கும். 1837-ல் 45 அடி நீளப் படகு ஒன்று இந்த அமைப்போடு தேம்ஸ் நதியில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளின் தோணியை இழுத்துக் காட்டியது. அவர்கள் மசியவில்லை. எரிக்சன் 1839-ல் அமெரிக்கா போய்விட்டார்.

பட்டறை கோட்டை விட்டது இங்கேதான். இரண்டு வளையத்தையும் ஒரே வார்ப்பு அச்சில் ஊற்றிவிட்டார்கள். இரண்டுமே வலஞ்சுழி. எதிரெதிராகச் சுழற்றினால் ஒன்று முன்னே தள்ளும், மற்றது பின்னே இழுக்கும். படகு நின்ற இடத்தில் கலக்கிக்கொண்டிருக்கும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். ஆகாது. வலஞ்சுழியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வலஞ்சுழிதான். இரண்டு வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மேசையில் வைத்துப் பாருங்கள். தகடுகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வாங்க வேண்டாம். இடஞ்சுழி வளையம் கேட்டால் பத்துப் பதினைந்து நாளில் வார்த்துத் தருகிறார்கள். அதற்குப் பணம் வாங்குவதில்லை. எரிக்சன் முறையில் இரண்டு வளையத்துக்கும் வேகமும் வேறு வேறு. இதில் ஒரே வேகம். அதை நாம் பெரிதுபடுத்தவில்லை.

தண்டு வெளியே வரும் இடத்தில் நீர் கசியும். அங்கே கசிவை அடைக்க இருக்கும் கிளாண்டுக்குள் கிரீஸ் தோய்த்த பஞ்சுத்திரியை மூன்று சுற்றுச் சுற்றி, நட்டைக் கைவிரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பானர் போட்டால் மோட்டார் சூடாகும். தண்டின் பின்முனையைத் தாங்கும் புஷ்ஷைப் பித்தளையில் போட்டிருப்பது அவ்வளவு நல்லதல்ல, மணல் புகுந்தால் தேய்ந்து தண்டு ஆடும். ஆரம்பகாலத் திருகுக் கப்பல்களையும் இதே தொல்லைதான் படுத்தியது. 1850-களில் ஜான் பென் என்பவர் 'லிக்னம் வைட்டே' என்ற கடின மரத்தின் நீளத் துண்டுகளை உள்ளே பதித்து, இடையில் தண்ணீர் ஓட விட்டதும்தான் தீர்ந்தது. இதற்கு ஒரு நைலான் புஷ் கடைந்து போட்டுக்கொண்டால் போதும். எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள்.

பேட்டரிக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யூ.பி.எஸ். பேட்டரி பொருந்தும். எடை இரண்டு கிலோவுக்கு மேல்; அதை நடுவிலிருந்து சற்றுப் பின்னே தள்ளி வையுங்கள். இறகின் மேல்முனை நீர்மட்டத்துக்குக் குறைந்தது 15 மி.மீ. கீழே இருக்க வேண்டும். மேலே வந்தால் காற்றை உறிஞ்சி, சத்தம்தான் வரும், ஓட்டம் வராது.

ஓட்டுவதற்குச் சிமெண்டுத் தொட்டிதான் சரி. ஊருணியில் பாசி தண்டைச் சுற்றிக்கொள்ளும், இரண்டு சுற்றுத் திருகும் எரிக்சன் வளையமும் பாசியை வாரி வாரி எடுக்கும். குடிதண்ணீர் ஊருணி என்றால் கிரீஸ் போட்ட படகை இறக்கவே கூடாது.

கூட வரும் விளக்க அட்டையை நம்ப வேண்டாம். 'உலகின் முதல் திருகுப் படகு ஸ்மித்துடையது' என்று போட்டிருக்கிறது. டேவிட் புஷ்னெலின் 'டர்ட்டில்' நீர்மூழ்கி 1776-லேயே கையால் சுற்றும் திருகில் போனது. ஜான் ஸ்டீவன்ஸ் 1804-ல் ஹட்சன் நதியில் நீராவியால் இரட்டைத் திருகை ஓட்டினார். ஆஸ்திரியப் பேரரசின் ஜோசஃப் ரெஸ்ஸல் 1829-ல் திரியெஸ்தே துறைமுகத்தில் 'சிவெட்டா' என்ற திருகுக் கப்பலை ஓட்டியபோது 'திருகு தோற்றது' என்கிறது அட்டை. தோற்றது நீராவிக் குழாய். அது வெடித்ததும் போலீஸ் சோதனைக்கே தடை போட்டது. ஸ்டீவன்ஸின் இரட்டைத் திருகைப் பெட்டியில் சேர்க்காதது பெரிய குறை.

3,200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் துடுப்புச் சக்கரப் படகு ஒன்றும் தருகிறார்கள். 1845 ஏப்ரல் 3-ல் 'ராட்லர்' என்ற திருகுக் கப்பல் 'அலெக்டோ' என்ற துடுப்புச் சக்கரக் கப்பலைப் பின்னோக்கி 2.8 நாட் வேகத்தில் இழுத்துப்போன இழுபறியை நடத்திக் காட்டவாம். அன்று ராட்லரின் என்ஜின் கொடுத்த சக்தியே அதிகம், அதனால் அது சரிசமமான போட்டி அல்ல. இந்தத் துடுப்புச் சக்கரப் படகிலும் மோட்டார் சின்னது. அந்தப் பணத்துக்கு ஒரு அம்மீட்டரும் உபரி மரத்திருகு அரை டஜனும் வாங்கலாம். மரத்திருகு தனியாக 120 ரூபாய். கடையில் இருப்பு இருக்காது, முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.