ஓய்வுக்காலத்துக்கு வாடகை ஃபிளாட்டா, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமா?

இரண்டையும் வைத்திருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். 2021 ஜூனில் ஓய்வு பெற்றபோது சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு விட்ட ஒரு ஃபிளாட் இருந்தது, பி.எஃப். பணத்தில் அதன் கடனை அடைத்தது போகக் கொஞ்சம் ரொக்கமும் இருந்தது. ரொக்கத்தில் 15 லட்சத்தை, வயதானவர்களுக்காக அரசு நடத்தும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். ஃபிளாட்டை 2023 பிப்ரவரியில் விற்றுவிட்டேன். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. குடியிருக்கும் சொந்த வீட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இருந்தால் நிம்மதி, அதில் வாதாட ஒன்றுமில்லை.

நாங்கள் குடியிருக்கும் குரோம்பேட்டை வீட்டை 2003இல் வாங்கியது எந்தக் கணக்கும் போட்டு அல்ல. வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர், மகள் கல்யாணம் வருகிறது, மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்றார். அலைந்து அலுத்துப்போய், கிடைத்ததை ஒன்பதரை லட்சத்துக்கு வாங்கினோம். வீட்டுக் கடன் வட்டி அப்போது எட்டு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, பிறகு சில வருடங்களிலேயே ஐ.டி. கம்பெனிகள் பெருகித் தென்சென்னைப் பக்கம் விலை எகிறிவிட்டது. ஊரப்பாக்கம் ஃபிளாட்டோ ஆறு மாதம் நோட்டுப் போட்டு எழுதி, நாலு பில்டர்களை ஒப்பிட்டு, வக்கீலிடம் பத்திரம் காட்டி, 2013இல் 34 லட்சத்துக்கு வாங்கியது. கடன் வட்டி பத்து சதவீதத்துக்கு மேல். அதன்பின் 2015 வெள்ளம், 2016 பணமதிப்பிழப்பு, 2020 கொரோனா என்று வரிசையாக வந்து, விலை இருந்த இடத்திலேயே கிடந்தது. வாங்கியவன் ஒரே ஆள்தான், இரண்டும் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டித்தான், நடுவில் பத்து வருடம்.

வருமானத்தில் போட்டியே இல்லை. ஃபிளாட்டுக்கு மாத வாடகை 10,500. அதில் பராமரிப்புக்கு 2,000 அசோசியேஷனுக்குப் போகும், வருடத்தில் ஒரு மாதமாவது காலியாகக் கிடக்கும், சொத்து வரி, பெயின்ட், பிளம்பர் என்று கழித்தால் 80,000 நின்றால் அதிகம். சேமிப்புத் திட்டத்தில் 8.2% வட்டிக்கு 15 லட்சம் போட்டால் வருடத்துக்கு 1,23,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் 30,750 கணக்கில் வந்து விழும். யாரையும் போன் போட்டுக் கேட்க வேண்டாம்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வருமானம் இல்லை. விற்கப் போகும்போதுதான் விஷயமே புரிந்தது.

2021 டிசம்பரில் விற்க வேண்டும் என்று தரகரிடம் சொன்னேன். பத்திரம் பதிய 14 மாதம் ஆனது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார்கள். குழாய் வாயில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் நான் வினிகர் ஊற்றித் தேய்த்துவிட்டு வருவேன், அடுத்த வாரம் திரும்பவும் படிந்திருக்கும். அடுத்த கேள்வி, மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்பது. மூன்றாவது, யு.டி.எஸ். எவ்வளவு, அதாவது நிலத்தில் நம் பங்கு. அதில் ஆளுக்கொரு கணக்குச் சொல்லி விலையைக் குறைப்பார்கள். ஒருவர் 50,000 அட்வான்ஸே கொடுத்துவிட்டார். வங்கியின் மதிப்பீடு குறைவாக வந்ததால் அவருக்குக் கடன் கிடைக்கவில்லை, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் மட்டும் மூன்று மாதம் போனது. கடைசியில் 41 லட்சம். 34க்கு வாங்கி 41க்கு விற்றால் ஏழு லட்சம் லாபம் என்று நினைப்பீர்கள். வருமான வரித்துறையின் பணவீக்கக் குறியீடு 2013-14க்கு 220, 2022-23க்கு 331. அதன்படி 34 லட்சம் தன் மதிப்பைத் தக்கவைக்கவே 51 லட்சம் ஆகியிருக்க வேண்டும். கட்டிய வட்டியை நான் இன்னும் கூட்டவே இல்லை.

இதில் என்னை உறுத்துவது நஷ்டம் அல்ல. ஃபிளாட்டுக்கு வாங்கிய தேதி ஒன்று, விற்கிற தேதி ஒன்று. அந்த இரண்டும் சரியாக அமைந்தால் கொடுத்துவைத்தவர், இல்லையென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பாதி ஹாலை இந்த வருடமும் மீதியை நல்ல விலை வரும்போதும் விற்க முடியாது. முப்பத்தைந்து வயதில் வாங்கியவருக்குத் தேதி தவறினாலும் காத்திருக்க வருடங்கள் உண்டு. அறுபதுக்கு மேல் நமக்குத்தான் அவசரம் வரும், வீட்டுக்கு வராது.

சேமிப்புத் திட்டத்திலும் அதிர்ஷ்டம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். போடும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடத்துக்கும். 2021 மார்ச் 31 அன்று 7.4 சதவீதத்தை 6.5 ஆகக் குறைத்து உத்தரவு வந்தது, மறுநாள் காலையிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த உத்தரவு அமலில் இருந்திருந்தால் ஜூனில் போட்ட எனக்கு வருடம் 13,500 குறைந்திருக்கும். பிறகு 2023 ஏப்ரலில் வட்டி 8.2 ஆனது, ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. ஃபிளாட் விற்ற பணம் அப்போது கையில் இருந்ததால் உடனே இன்னொரு 15 லட்சம் போட்டேன். பழைய கணக்கு ஜூனில் இரண்டு வருடம் முடிந்ததும் அதை மூடிவிட்டு 8.2க்குப் புதிதாகத் தொடங்கினேன். இரண்டு வருடம் கழித்து மூடினால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள், 15,000 போனது. மிச்சமிருந்த மூன்று வருடத்தில் கூடுதல் வட்டி 36,000. கெட்ட தேதியில் போட்டதைச் சரிசெய்ய எனக்கு ஆன செலவு அந்தப் பதினைந்தாயிரமும் ஒரு முற்பகலும்தான்.

மீதிப் பணம் வங்கி வைப்பில், வருடத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி பிரித்துப் போட்டது. 2023 நவம்பரில் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஒரு வைப்பை உடைத்தேன், அரை மணி நேரத்தில் பணம் கணக்குக்கு வந்துவிட்டது. ஃபிளாட்டை மட்டும் நம்பியிருந்தால் யாரிடமாவது கைநீட்டியிருப்பேன்.

ஃபிளாட்டின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வாடகை ஏறும், திட்டத்தின் வட்டி ஐந்து வருடமும் ஏறாது, அரிசி விலை ஏறிக்கொண்டுதான் இருக்கும். இது திட்டத்தின் உண்மையான குறை, வட்டியில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் திரும்பவும் போட்டால்தான் சமாளிக்கலாம். பணம் வீடாக நின்றால் சொந்தக்காரர்கள் கைமாற்றுக் கேட்பதும் குறைவு, இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். அப்புறம், நான் விற்றுப் பத்து மாதத்தில், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே. அதே கட்டடத்தில் விற்காமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்போது என்னைவிட நல்ல விலை கேட்கிறார்கள். அவருக்கு மகனிடமிருந்து மாதாமாதம் பணம் வருகிறது, அவரால் காத்திருக்க முடிந்தது.

பங்குச் சந்தை ஃபண்டுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஐந்து லட்சம் மட்டும் 2023இல் போட்டேன், நான் பார்த்ததெல்லாம் ஏறுமுகம்தான். ஆனால் 2008 ஜனவரியில் 20,000க்கு மேல் இருந்த சென்செக்ஸ் அக்டோபரில் 9,000க்குக் கீழே போனது. அந்த ஜனவரியில் ஓய்வு பெற்று, மொத்தத்தையும் அதில் போட்டு, மாதச் செலவுக்கு ஃபண்டின் யூனிட்களை விற்றுக்கொண்டிருந்தவர் இறங்கிய விலையில் கூடுதல் யூனிட்களை விற்க வேண்டியிருந்திருக்கும். சந்தை பிற்பாடு ஏறியபோது அவரிடம் ஏற மிச்சமிருந்த யூனிட் குறைவாகத்தான் இருந்திருக்கும். அதனால் அந்த ஐந்து லட்சத்தை மாதச் செலவுக்குத் தொடுவதில்லை.

என் இரண்டு கணக்குகளும் 2028இல் முதிர்கின்றன. அன்றைக்கு இருக்கும் வட்டிக்கு மூன்று வருடம் நீட்டிக்கலாம். வட்டி குறைந்திருந்தால் ஒன்றை மட்டும் நீட்டித்துவிட்டு, இன்னொன்றை வங்கி வைப்புக்கு மாற்றுவதாக இருக்கிறேன்.