ஆல்ட்வொர்த் பெல் இன்: ஒத்த முள்ளு கடிகாரமும் ஒரு பைண்ட்டும்

இங்கிலாந்துல கோரிங் ஸ்டேஷன்ல இறங்கி மேட்டுல மூணு மைல் மூச்சு வாங்க நடந்து போய் சேந்தோம், பெர்க்‌ஷயர்ல சின்ன கிராமம், பப் பேரு பெல் இன். 250 வருஷத்துக்கு மேல ஒரே குடும்பம் நடத்துதாம். உள்ள பார் கவுண்டரே கிடையாது, நம்மூரு டிக்கெட் கவுண்டர் மாதிரி ஒரு சின்ன ஜன்னல், அதுலதான் கேக்கணும். சுவத்துல ஒத்த முள்ளு கடிகாரம், நிமிஷத்த பத்தி இங்க யாருக்கும் கவலையில்ல போல.

ஆர்க்கெல்ஸ் 3பிங்கிற பீர் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி. ஸ்விண்டன் ஊரு சரக்கு, ஆல்கஹால் 4%தான். இது ரியல் ஏல், அதாவது பழைய முறை பீர், பீப்பாக்குள்ளயே ஈஸ்ட் உசுரோட இருந்து மறுபடி நொதிக்கும், வெளிலேந்து கேஸ் ஏத்த மாட்டாங்க, 12 டிகிரி கிட்டதான் குடுப்பாங்க, அதனால ஐஸ் மாதிரி ஜில்லுனு எதிர்பாத்து போனா ஏமாந்துருவீங்க. ஆனா அந்த சூட்டுலதான் மால்ட்டோட (முளகட்டின பார்லி) லேசான இனிப்பும் கடைசில வர்ற கசப்பும் நாக்குக்கு தெரியுது. பீப்பாய தொறந்தா சில நாள்ல காலி பண்ணணும், இல்லன்னா புளிச்சிரும், முந்தின நாள் வேற ஒரு பப்ல (பேரு வேணாம்) அசல் வினிகரே குடிச்சேன்.

சாப்பாடுன்னா பெருசா இல்ல, ரோல், சூப் அவ்ளோதான், டாய்லெட்டுக்கு வெளில போகணும். கேம்ரா (CAMRA, ரியல் ஏலுக்காக பாடுபடுற பிரிட்டிஷ் அமைப்பு) காரங்க 1990லயும் 2019லயும் நாட்டுலயே சிறந்த பப்னு குடுத்தது சும்மா இல்ல. திங்கக்கிழமை மட்டும் போயிராதீங்க, பூட்டிருக்கும்.