ஆலயக் கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது: அரசா, வெளிநாடா, சபையா?

ஓடு சரிந்து, சுவர் வெடித்து நிற்கும் ஆலயத்தைப் பழுதுபார்க்கத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவச் சபைகள் மூன்று இடங்களில் பணம் தேடுகின்றன. கட்டடத்துக்கு அரசு மானியம்தான் முதலில். அது வந்து சேரும்வரை தாங்கிப் பிடிக்கச் சபையின் காணிக்கை. வெளிநாட்டுப் பணத்தைக் கூரை வேலைக்குத் தொடவே வேண்டாம் என்பேன்.

தேவாலயங்களைச் சீரமைக்க அரசு நிதி தரும் திட்டம் 2016-17இல் தொடங்கியது. அப்போது லட்சக்கணக்கில் ஒற்றை இலக்கம்தான். இப்போது தொகை நன்றாகவே உயர்ந்திருக்கிறது: 10 முதல் 15 ஆண்டு பழைமையான கட்டடத்துக்கு 10 லட்சம் வரை, 15 முதல் 20 ஆண்டு என்றால் 15 லட்சம் வரை, அதற்கும் மேற்பட்டதற்கு 20 லட்சம் வரை. பீடம், கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர், முழங்காலிட்டு ஜெபிக்கும் பெஞ்ச் எல்லாம் இதில் அடங்கும். ஆட்சியர் தலைமையிலான குழு நேரில் பார்த்துப் பரிந்துரைக்கும். பணம் இரண்டு தவணையாக ஆலயத்தின் வங்கிக் கணக்குக்கு வரும்.

சிக்கல் காகிதத்தில்தான். ஆலயம் சொந்தக் கட்டடத்தில் குறைந்தது 10 ஆண்டு நடந்திருக்க வேண்டும், பதிவும் ஆகியிருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை என்றால் சொத்து பொதுவாக, திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். ஆகவே சேகர குருவானவர் (வட்டாரச் சபைகளின் போதகர்) அவற்றுக்கு மேலுள்ள திருமண்டல அலுவலகத்துக்கு நடக்காமல் எதுவும் நகராது. ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பங்குகளுக்கு அந்த இடத்தில் மறைமாவட்டம். பெரிதும் திண்டாடுவது எந்தத் திருச்சபையிலும் சேராத தனிச் சபைகள்தான். பல இடங்களில் நிலம் போதகரின் பெயரிலேயே கிடக்கிறது. அவர்கள் விண்ணப்பத்தை எடுக்கும் முன் பத்திரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை. சீரமைப்புக்கு வெளிநாட்டிலிருந்து உதவி பெற்றிருந்தால் மானியம் கிடையாது. சபையில் வளர்ந்து கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியுரிமை வாங்கிவிட்ட பிள்ளை ஆசையோடு அனுப்பும் பணமும் சட்டப்படி வெளிநாட்டு நிதிதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாகத் தன் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது அந்தச் சட்டப்படி வெளிநாட்டு நிதி ஆகாது.

வெளிநாட்டு நிதியை முறையாக வாங்குவதும் எளிதல்ல. எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும், 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க முடியும். பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றுவதும் தடை. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இத்தனை பாரத்தை மருத்துவமனையோ விடுதியோ நடத்தும் பெரிய அமைப்பு சுமக்கலாம். கிராமத்துச் சபைக்கு ஒரு கணக்காளரை வைக்கவே கட்டாது.

சபையின் காணிக்கை சிறிது, ஆனால் அதில் யாரும் நிபந்தனை போடுவதில்லை. விளைச்சலுக்கு நன்றி சொல்லிப் படைத்த பொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் ஒரு தேங்காய் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். அந்தப் பணத்தால் முழுக் கூரையையும் போட முடியாதுதான். ஆனால் வரைபடம், மதிப்பீடு, பத்திரச் செலவு ஆகியவற்றுக்கும், முதல் தவணைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கவும் அதுதான் கைகொடுக்கும்.

ஒருமுறை மானியம் வாங்கினால் அடுத்து 5 ஆண்டு கழித்துத்தான் கேட்க முடியும். ஆகவே மதிப்பீட்டைப் பெயிண்டுக்காகப் போடாதீர்கள். கூரை, சுவர், கழிவறை என்று பெரிய வேலைகளை ஒரே விண்ணப்பத்தில் சேர்த்து, மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கொடுங்கள்.