சொந்த வி.பி.என். சர்வர்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறு மாத அனுபவம்

ஆறு மாதமாக வயர்கார்ட் என்ற மென்பொருளை வைத்துச் சொந்தமாக ஒரு வி.பி.என். (இணையத்தின் ஊடே பூட்டிய தனிப் பாதை) சர்வர் ஓட்டி வருகிறேன். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எதற்காக வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்தால் ஏமாற்றம்தான், அதனால் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா எஸ்டேட் பக்கத்துப் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார், எவ்வளவு சொன்னாலும் டவுனுக்கு வர மாட்டார். வாசலில் ஒரு கேமரா, அதன் பதிவைச் சேமிக்க ஒரு பழைய கணினி. அங்கே ஃபைபர் வரவில்லை, சிம் போட்ட மோடம்தான். இந்த மாதிரி இணைப்பில் நமக்கென்று தனியாகப் பொது ஐ.பி. முகவரி (இணையத்தில் நம்மைக் கண்டுபிடிக்கும் எண்) பெரும்பாலும் கிடைக்காது, ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள், அதனால் வெளியிலிருந்து அந்தக் கணினியைத் தேடிப் போக வழியே இல்லை. மோடத்தில் எந்தப் போர்ட்டை (வெளியிலிருந்து வரும் வாசலை) திறந்தாலும் பலன் கிடையாது. இது தெரியாமல் இரண்டு சனி ஞாயிறு அதிலேயே போனது. சரி, வெளியே நடுவில் ஒரு சர்வர் இருந்தால்? வீட்டுக் கணினியும் அங்கே வந்து சேரும், என் கைப்பேசியும் அங்கே போகும், இரண்டும் அங்கே சந்தித்துக்கொள்ளும்.

சிங்கப்பூரில் மாதம் 5 அமெரிக்க டாலருக்கு ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்தேன், நம் மலேசியக் காசுக்கு ஏறக்குறைய 20 வெள்ளி. அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். வயர்கார்ட் 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6இலேயே சேர்ந்துவிட்டது, முதலில் வந்தபோது அதன் நிரல் ஏறக்குறைய 4,000 வரிதான், அதனால் இவ்வளவு சின்ன சர்வருக்கும் அது ஒரு சுமையே இல்லை. பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு சாவி: ஒன்று ரகசியம், மற்றது எதிர்ப்பக்கத்துக்குக் கொடுப்பது. கைப்பேசிக்கு க்யூஆர் கோட் காட்டினால் போதும்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இரண்டு. முதலாவது, இணைப்பு வந்தது என்று காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. சர்வரில் ஐ.பி. ஃபார்வர்டிங்கை (ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் கடத்திவிடும் வசதி) இயக்க வேண்டும், வெளியே போகும் போக்குவரத்துக்கு நேட் (முகவரியை மாற்றி அனுப்புவது) விதியும் எழுத வேண்டும், இரண்டில் எது விடுபட்டாலும் இதே கதைதான். இரண்டாவது, கேமரா சில நிமிடம் தெரியும், அப்புறம் காணாமல் போகும். வீட்டுக் கணினி சும்மா இருந்தால் தொலைபேசி நிறுவனத்தின் நேட் அந்தப் பாதையை மூடிவிடுகிறது. வீட்டுக் கணினியின் வயர்கார்ட் அமைப்பில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் என்ற வரியில் 25 என்று போட்டால் 25 விநாடிக்கு ஒரு முறை அது சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு வரி போட்ட நாளிலிருந்து கேமரா மறையவே இல்லை.

மாமாக் உணவுக் கடை வைஃபையில் உட்கார்ந்து வங்கி வேலை பார்க்கும்போது எல்லாப் போக்குவரத்தையும் இதன் வழியே விடுகிறேன். சிங்கப்பூர் பக்கத்தில் இருப்பதால் வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை. கடையை விட்டு நடந்தால் வைஃபை போய் 4ஜி வரும், இணைப்பு அறுபடாது. இது எனக்கு மிகவும் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. வயர்கார்ட் யு.டி.பி. என்ற தரவு அனுப்பும் முறை வழியாக மட்டுமே போகும், யு.டி.பி.யை அடைத்து வைத்திருக்கும் வைஃபைகளில் இணையவே இணையாது, ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் எனக்கு அப்படித்தான் ஆனது. சர்வரைப் பராமரிப்பதும் நம் பொறுப்பு. எடுத்த முதல் நாளே யார் யாரோ உள்ளே நுழையக் கடவுச்சொல் போட்டுப் பார்த்த பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. எஸ்.எஸ்.எச்.இல் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) கடவுச்சொல் நுழைவை உடனே மூடுங்கள், சாவி மட்டும் போதும்.

2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி., டி.என்.எஸ். கோரிக்கைகளை (தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் ஐ.பி. முகவரி கேட்பது) உள்ளூர் சர்வர்களுக்குத் திருப்பும்படி இணைய நிறுவனங்களிடம் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் நிறுத்திய சமயத்தில் என் நண்பர்கள் பலர் வி.பி.என். பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், இது ஆளை மறைக்காது. சர்வர் உங்கள் பெயரில், உங்கள் அட்டையில் எடுத்தது. வெளிநாட்டுப் படம் பார்க்கவும் நம்ப வேண்டாம், இப்படிப்பட்ட வாடகை சர்வர்கள் இருக்கும் தரவு மையங்களின் முகவரிகளைப் பல தளங்கள் தடுத்துவிடுகின்றன. வீட்டுக் கணினியை எட்டுவது மட்டும்தான் தேவை, சர்வர் பராமரிக்க நேரமில்லை என்றால் டெயில்ஸ்கேல் என்ற சேவையைப் போடுங்கள், உள்ளே ஓடுவது இதே வயர்கார்ட்தான், தனிநபருக்கு இலவசம். எனக்குப் பாதை முழுவதும் என் கையில் இருக்க வேண்டும், அதனால் இதிலேயே இருக்கிறேன்.

வைக்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: மின்சாரம் போய் வந்தால் வீட்டுக் கணினி தானாக எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) அமைத்து, வயர்கார்டும் கூடவே தொடங்கும்படி செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு இடி மழைக்குப் பிறகும் அப்பாவை அழைத்து, “அந்தப் பொத்தானை அமுக்குங்கப்பா” என்று சொல்ல வேண்டியிருக்கும்.